வீடும் ஊரும் பள்ளியும் சேர்ந்து இயங்க: தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கான முழு வழிகாட்டி

பள்ளியிலிருந்து கைபேசி அழைப்பு வந்தால், கிராமத்தில் ஓர் அம்மா முதலில் கேட்பது "என்ன டீச்சர், பிள்ளைக்கு என்ன ஆச்சு?" என்பதுதான். கீழே விழுந்துவிட்டானா, யாரையாவது அடித்துவிட்டானா, காய்ச்சலா? இந்த மூன்றுக்குத்தான் பள்ளி தன்னைக் கூப்பிடும் என்று அவருக்குப் பழகிப்போய்விட்டது. அந்தப் பதற்றத்தைப் போக்குவதுதான் முதல் வேலை. அது போன பிறகே பிள்ளையின் படிப்பைப் பற்றி அவரோடு நிதானமாகப் பேச முடியும். பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழு, நன்கொடை, கிராம சபை எல்லாம் அதற்கும் பிறகு. நிறையப் பள்ளிகளில் இந்த வரிசை தலைகீழாக நடக்கிறது. முதலில் கையெழுத்தும் பணமும் கேட்கிறார்கள், பிறகு "பெற்றோர் ஒத்துழைப்பே இல்லை" என்று வருந்துகிறார்கள்.

இங்கே சொல்லும் கணக்கெல்லாம் தமிழ்நாட்டின் ஓர் ஈராசிரியர் பள்ளியை மனத்தில் வைத்துச் சொல்வது: ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, ஒன்று முதல் ஐந்து வரை 50 பிள்ளைகள், அண்ணன் தம்பி அக்கா தங்கை போக 38 குடும்பங்கள், தலைமையாசிரியரோடு சேர்த்து இரண்டு ஆசிரியர்கள். உங்கள் பள்ளி பெரிதென்றால் எண்களைப் பெருக்கிக்கொள்ளுங்கள், வரிசையை மாற்ற வேண்டாம்.

1. ஜூன்: 38 வீடுகள், பத்து மாலைகள்

பள்ளி திறந்த இரண்டாவது வாரத்திலிருந்து ஒரு மாலைக்கு நான்கு வீடு என்று போனால் பத்து மாலைகளில் எல்லா வீடும் முடிந்துவிடும். ஒரு வீட்டுக்குப் பதினைந்து நிமிடம் போதும். பெண்கள் வேலையிலிருந்து திரும்பி, அடுப்பு பற்ற வைப்பதற்கு முந்தைய நேரம் எது என்று ஊரில் விசாரியுங்கள். பெரும்பாலும் ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவில் இருக்கும். தனியாகப் போகாமல், அந்தத் தெருவைச் சேர்ந்த ஒரு பெண்ணைக் கூட அழைத்துச் செல்லுங்கள். மேலாண்மைக் குழு உறுப்பினரோ, இல்லம் தேடிக் கல்வி என்ற மாலை நேர வகுப்புத் திட்டத்தில் தன்னார்வலராக இருந்தவரோ, சுயஉதவிக் குழுக்காரரோ யாராக இருந்தாலும் சரி.

எந்தத் தெருவிலிருந்து தொடங்குகிறீர்கள் என்பதை ஊர் கவனிக்கும். காலனியிலிருந்து தொடங்குங்கள். எல்லா வீட்டிலும் உட்காருங்கள், எல்லா வீட்டிலும் தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். ஊர்த்தெருவில் காபி குடித்த ஆசிரியர் காலனியில் "இப்பத்தான் குடிச்சேன்" என்று செம்பைத் தொடாமல் வந்தால், அந்தச் செய்தி விடிவதற்குள் காலனி முழுக்கப் போய்விடும். அப்புறம் எத்தனை கூட்டம் போட்டாலும் அந்தத் தெருவிலிருந்து ஒருவர் வாய் திறக்க மாட்டார். இந்த வழிகாட்டியில் வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

முதல் தடவை போகும்போது புகார் எதுவும் பேசக்கூடாது. பதிவேட்டை அவர்கள் முன் திறந்துவைத்து எழுதவும் கூடாது, கணக்கெடுப்புக்கு வந்தது போல ஆகிவிடும். கேட்டு வந்து, பள்ளியில் உட்கார்ந்து எழுதுங்கள். ஒரு நீள நோட்டில் பிள்ளைக்கு ஒரு பக்கம்:

- மாலை ஆறு முதல் எட்டு வரை பிள்ளையோடு வீட்டில் யார் இருக்கிறார்கள்? அம்மாவா, பாட்டியா, அக்காவா?
- வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் யார்?
- வீட்டில் பேசுவது தமிழா, தெலுங்கா, கன்னடமா, உருதுவா, இந்தி மொழியா?
- கைபேசி பட்டன் வகையா, திறன்பேசியா? பகலில் அது யார் கையில் இருக்கும்?
- பெற்றோர் எந்த மாதங்களில் வெளியூர் வேலைக்குப் போவார்கள்?
- பிள்ளைக்கு வலிப்பு, இளைப்பு, பார்வைக் குறை, ஒத்துக்கொள்ளாத உணவு ஏதும் உண்டா?
- பிள்ளைக்கு எதில் ஆசை? ஆட்டுக்குட்டியா, சைக்கிளா, கோலமா?

சாதி, கடன், குடிப்பழக்கம், குடும்பச் சண்டை ஆகியவற்றை இந்த நோட்டில் எழுதவே வேண்டாம். காதில் விழுந்தாலும் எழுத்தில் வரக்கூடாது. நோட்டு என்றாவது வேறொருவர் கைக்குப் போகும்.

"கைபேசி யார் கையில்" என்ற கேள்வியைச் சின்னதாக நினைக்க வேண்டாம். கல்வித் துறையின் மாணவர் விவரத் தளமான எமிஸில் பதிந்திருக்கும் எண் பெரும்பாலும் அப்பாவுடையது. அவர் திருப்பூரிலோ லாரியிலோ இருப்பார். நீங்கள் அனுப்பும் செய்தியெல்லாம் பிள்ளையின் புத்தகப்பையைப் பார்க்கவே வாய்ப்பில்லாத ஒருவருக்குப் போய்க்கொண்டிருக்கும். வீட்டில் இருப்பவரின் எண்ணைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

2. ஜூலை: எல்லா வீட்டுக்கும் ஒரு நல்ல சேதி

ஆறு வாரத்துக்குள் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பிள்ளையைப் பற்றிய நல்ல சேதி ஒன்றாவது போய்ச் சேர வேண்டும். பிள்ளையை விட வரும்போது வாசலில் சொல்லலாம், குரல் பதிவாக அனுப்பலாம், நோட்டில் ஒரு வரி எழுதலாம். "நல்லா படிக்கிறான்" என்றால் யார் காதிலும் ஏறாது. "நேத்து கல், பல், நெல் மூணையும் எழுத்துக் கூட்டாம ஒரே மூச்சுல வாசிச்சான்" என்று சொல்லுங்கள். அந்த அம்மா வீட்டுக்குப் போய் மகனிடம் "எங்க, கல்லு பல்லு சொன்னியாமே, எனக்குச் சொல்லு" என்று கேட்பார். அந்தக் கேள்வி ஒன்றே பெரிய வீட்டுப்பாடம்.

பெயர்ப் பட்டியலில் யாருக்குச் சேதி போனது என்று டிக் போட்டுக்கொண்டே வாருங்கள். ஐந்தாவது வாரத்தில் டிக் விழாமல் ஐந்தாறு பெயர் மிஞ்சும். பெரும்பாலும் அதிகம் பேசாத பிள்ளைகள், அடிக்கடி வராத பிள்ளைகள், சேட்டைக்காரர்கள். இவர்களிடம் சொல்வதற்கு நல்லது எதுவும் தென்படவில்லை என்றால், நாம் இன்னும் உற்றுப் பார்க்கவில்லை என்று பொருள். மறுநாள் காலை உணவு நேரத்தில் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், ஏதாவது கிடைக்கும்.

3. ஆகஸ்ட்: பெற்றோர் சந்திப்பு, ஆளுக்குப் பத்து நிமிடம்

பெற்றோரை எல்லாம் ஒன்றாக உட்கார வைத்துச் சொற்பொழிவு ஆற்றும் கூட்டத்தால் பெரிய பலன் இருப்பதில்லை. தனித்தனியாகப் பேச வேண்டும். ஓர் ஆசிரியருக்கு 19 குடும்பம், ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் 190 நிமிடம், அதாவது மூன்று மணி பத்து நிமிடம். ஒரே நாளில் வைத்தால் கடைசி ஏழெட்டுப் பேருக்கு உங்களிடம் பொறுமை மிஞ்சாது, இரண்டு நாளாகப் பிரியுங்கள்.

பெற்றோர் வராததற்கு அக்கறையின்மை காரணம் என்று முடிவுகட்டுவதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள். பிற்பகல் மூன்று மணிக் கூட்டத்துக்கு வர, கூலி வேலைக்காரர் அரை நாள் கூலியை விட வேண்டும். நூறு நாள் வேலைக்குப் போகிறவர் வருகைப் பதிவு முடியாமல் இடத்தை விட்டு நகர முடியாது. இரண்டு நேரம் கொடுங்கள்: பிள்ளைகள் காலை உணவு சாப்பிடும் எட்டேகாலை ஒட்டி ஒன்று, மாலை ஐந்தரைக்கு ஒன்று. எது வசதி என்று வீட்டிலேயே கேட்டு, பெயருக்கு நேரே நேரம் எழுதுங்கள். அச்சடித்த அழைப்பு, வாசிக்கத் தெரியாதவர் வீட்டில் கூரையில் செருகிய காகிதமாகவே இருக்கும். முந்தின நாள் மாலை பிள்ளை வாயால் சொல்லட்டும், அன்று காலை ஒரு குரல் பதிவு போகட்டும்.

உட்காரும் விதத்தையும் கவனியுங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் ஆசிரியர், இந்தப் பக்கம் நின்றபடி பெற்றோர் என்றால் அது விசாரணை. பாயில் உட்கார்ந்தாலும் நாற்காலியில் உட்கார்ந்தாலும் இருவரும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். பிள்ளையும் கூட இருக்கட்டும்.

பத்து நிமிடத்தை இப்படிப் பங்கிடலாம். முதல் இரண்டு நிமிடம் பிள்ளை தன் நோட்டைக் காட்டி, தெரிந்த ஒரு பத்தியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டட்டும். அடுத்த மூன்று நிமிடம் அம்மா பேசட்டும். அதற்கடுத்த மூன்று நிமிடம் பிள்ளைக்கு எது வந்திருக்கிறது, எது வரவில்லை என்று நோட்டைத் தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள். கடைசி இரண்டில் வீட்டில் செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியத்தைப் பேசி முடிவு செய்யுங்கள். ஒன்றுக்கு மேல் சொன்னால் எதுவும் நடக்காது.

இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் சந்திப்பு, ஏறக்குறைய இப்படிப் போகும்:

"வாங்கம்மா, உட்காருங்க. வேலைய விட்டுட்டு வந்திருக்கீங்க, சீக்கிரம் முடிச்சிடலாம். கவின், அம்மாவுக்கு அந்த அணில் கதைய வாசிச்சுக் காட்டு."

(பையன் நான்கு வரி வாசிக்கிறான், "குதித்தது" என்ற சொல்லில் திக்குகிறான்.)

"இவ்ளோ வாசிப்பானா டீச்சர்? வீட்ல புத்தகத்தையே எடுக்க மாட்டேங்குறான்."

"வீட்ல எப்ப சும்மா இருப்பான்மா?"

"நான் சோறு வடிக்கிற நேரம். வாசப்படியில உட்கார்ந்து போனைக் கேட்டு நச்சரிப்பான்."

"அந்த நேரமே போதும். நீங்க அடுப்புகிட்டயே இருங்க. அவன் வாசப்படியில உட்கார்ந்து ஒரு பக்கம் சத்தமா வாசிக்கட்டும். முடிச்சதும் 'கதையில யாரு வந்தா, என்ன பண்ணுச்சு'ன்னு மட்டும் கேளுங்க."

"எனக்கு எழுத்து தெரியாதே டீச்சர்."

"கேக்கத் தெரியும்ல, அது போதும். தப்பைத் திருத்துறது எங்க வேலை. அடுத்த மாசம் பத்தாம் தேதி வாசல்ல பாக்கும்போது எப்படிப் போகுதுன்னு சொல்லுங்க."

இதில் தேதி முக்கியம். தேதி சொல்லாமல் விட்ட பேச்சு அன்றோடு முடிந்துவிடும். மதிப்பெண்ணை மற்றப் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசுவது, பக்கத்தில் காத்திருக்கும் பெற்றோர் காதில் விழும்படி குறை சொல்வது, இரண்டுமே அந்தக் குடும்பத்தை அடுத்த சந்திப்பிலிருந்து விலக்கிவிடும். அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் 'எண்ணும் எழுத்தும்' வகுப்புகளில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருக்கிறோம். அந்தப் பெயர்களைப் பெற்றோரிடம் பட்டம் போலச் சொல்லாதீர்கள். "எம் பொண்ணு இன்னும் அரும்புதானாம்" என்ற பேச்சு குழாயடிக்குப் போனால் பிள்ளை தலைகுனிந்து வரும். "இரண்டெழுத்துச் சொல் வருகிறது, கொம்புள்ள எழுத்து வரவில்லை" என்று விஷயத்தைச் சொல்லுங்கள்.

4. வாசிக்கத் தெரியாத பெற்றோர் வீட்டில் செய்யக்கூடியவை

நாளுக்குப் பதினைந்து நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். இதற்கு மேல் எந்த வீட்டிலும் கேட்காதீர்கள்.

வாசிப்புக்கு: பிள்ளை சொல்லுக்குக் கீழே விரலை வைத்து நகர்த்திக்கொண்டே வாசிக்க வேண்டும். எழுத்து தெரியாத அம்மாவுக்கும் விரல் எங்கே நின்றது என்று தெரியும். நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. மறுநாள் காலை அந்தப் புள்ளிகளைப் பார்த்தாலே பிள்ளை எங்கே திணறுகிறது என்று உங்களுக்கு விளங்கிவிடும். அம்மா எழுதி அனுப்பிய அறிக்கையாகவே அதை எடுத்துக்கொள்ளுங்கள், பார்த்ததற்கு அடையாளமாகப் பக்கத்தில் ஒரு சிறு டிக் போடுங்கள்.

கணக்குக்கு: புளியங்கொட்டை நூறு ஒரு டப்பாவில். பத்துப் பத்தாகக் குவித்து எண்ணுவது ஒன்றாம் இரண்டாம் வகுப்புக்கு. கடைக்குப் போய் வந்ததும் "அம்பது கொடுத்தோம், முப்பத்திரண்டுக்கு வாங்குனோம், மிச்சம் எவ்வளவு?" என்பது மூன்றாம் வகுப்புக்கு. ரேஷன் கடைப் பில்லில் எடையும் விலையும் கூட்டிப் பார்ப்பது நான்கு ஐந்துக்கு. பாட்டி இருக்கும் வீட்டில் பல்லாங்குழியைத் தூசு தட்டி எடுக்கச் சொல்லுங்கள். எண்ணவும், பகிரவும், மிச்சத்தை முன்கூட்டியே கணிக்கவும் அதைப்போல ஒன்று இல்லை.

இங்கே வழக்கமாகக் கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. முதலாவது, ஆசிரியர் பத்துத் தடவை எழுதச் சொல்ல, அக்கா உட்கார்ந்து எழுதிக் கொடுப்பது. எழுத்து வடிவம் மாறியிருப்பதைப் பார்த்தாலே தெரியும். பிள்ளையைத் திட்டாமல் வேலையைக் குறையுங்கள். இரண்டாவது, "படிக்கலைன்னா நல்லா நாலு போடுங்க டீச்சர்" என்று பெற்றோரே சொல்வது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பிள்ளையை உடலாலும் மனத்தாலும் வதைப்பதைத் தடை செய்கிறது என்பதைத் தன்மையாகச் சொல்லி, அடி வாங்கிய பிள்ளை புத்தகத்தைக் கண்டாலே பயப்படும் என்பதையும் சொல்லுங்கள். மூன்றாவது, டியூஷன். "பள்ளியில சொல்லித் தர்றது போதலையோ" என்ற சந்தேகத்தில்தான் பலர் அனுப்புகிறார்கள். பள்ளியில் நடப்பது வீட்டுக்குத் தெரியவந்தால் அந்தச் சந்தேகம் பெருமளவு குறைந்துவிடும்.

5. வாட்ஸ்அப் குழு

குழுவில் ஆசிரியர்கள் மட்டும் எழுதும்படி அமைத்துக்கொள்வது நல்லது. ஒரு நாளைக்கு ஒரே சேதி, மாலை ஏழு மணிக்கு, நாற்பது நொடிக்குள் ஒரு குரல் பதிவு: "இன்னைக்கு மூணாம் வகுப்புல கிராம், கிலோகிராம் படிச்சோம். வீட்ல ஒரு கிலோ அரிசிப் பொட்டலம் இருந்தா பிள்ளை கையில கொடுத்துத் தூக்கச் சொல்லுங்க. அதைவிட லேசான பொருள் மூணு தேடி எடுக்கச் சொல்லுங்க." எழுத்துச் சேதியைவிடக் குரலுக்குப் பலன் அதிகம், பாட்டியும் கேட்பார்.

வராத பிள்ளைகளின் பட்டியல், மதிப்பெண், கண்டிப்பு எதுவும் குழுவில் வரக்கூடாது, தனியாகப் பேசுங்கள். பிள்ளைகளின் படத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் போடாதீர்கள். திறன்பேசி இல்லாத வீடுகளுக்குத் தெருவுக்கு ஒரு பெற்றோர் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டும் பொறுப்பை எடுத்துக்கொள்ளட்டும்.

6. பிள்ளை வராத நாள்

முதல் நாள், பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேளுங்கள். இரண்டாம் நாள் பதினோரு மணிக்குள் வீட்டுக்கு அழைப்பு. மூன்றாம் நாள் மாலை நேரில். ஐந்தாம் நாள் மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவரோடு மீண்டும். இந்த வரிசையில் ஒரு நாளைத் தவறவிட்டாலும் பிள்ளையின் மனத்தில் "நான் வராட்டி யாரும் தேட மாட்டாங்க" என்பது பதிந்துவிடும். திரும்பி வந்த அன்று "ஏன் வரலை?" என்று கேட்காமல், "நீ வராம அந்தப் பாட்டை யாருமே சரியாப் பாடலை" என்று சொல்லி உட்கார வையுங்கள்.

காரணத்தைப் பொறுத்தே தீர்வு. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அக்கா நின்றுவிட்டால், பேச வேண்டியது அங்கன்வாடிப் பணியாளரோடு. அவரும் மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ குடும்பமே கிளம்புகிறதென்றால், தை பிறந்தபின் ஓடித் தேடிப் பலனில்லை. ஜூன் மாத நோட்டில் அந்தக் குடும்பங்கள் யார் என்று இருக்கும். கார்த்திகையிலேயே போய்ப் பேசுங்கள்: பாட்டியோடு பிள்ளை தங்க முடியுமா? முடியாவிட்டால் போகும் ஊரின் பெயர் என்ன? எமிஸ் எண்ணை ஒரு அட்டையில் எழுதிக் கொடுங்கள், பிள்ளை எந்தப் பாடம் வரை முடித்திருக்கிறது என்று நான்கு வரி எழுதி அதோடு ஒட்டுங்கள். மாற்றுச் சான்றிதழ் தாமதம் என்பதைக் காரணம் காட்டிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. இதைப் பெற்றோருக்குச் சொல்லி அனுப்புங்கள். பிள்ளையை வேலைக்கு வைத்திருப்பது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லுங்கள்.

7. பள்ளி மேலாண்மைக் குழு: கையெழுத்தோடு நின்றுவிடாமல்

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21ஆம் பிரிவு: குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிக்குப் பாதி பெண்கள், நலிந்த பிரிவினருக்கு அவர்கள் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். தமிழ்நாட்டில் 2022இல் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது 20 உறுப்பினர்களில் 15 பேர் பெற்றோர், தலைவர் ஒரு தாய் என்று வகுத்தார்கள். 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் வந்தது.

சட்டம் சரியாகத்தான் இருக்கிறது. நடப்பில் சறுக்கும் இடங்களைப் பார்ப்போம். தலைவரின் கணவர் வந்து நாற்காலியில் உட்காருவார், தலைவர் ஜன்னலுக்கு வெளியே நிற்பார். முதல் கூட்டத்திலேயே "அக்கா, நீங்க இங்க உட்காருங்க" என்று தலைவரின் இடத்தைக் காட்டுங்கள், கணவருக்கு மரியாதையோடு பார்வையாளர் பாயைக் காட்டுங்கள். கூட்டத்துக்கு முந்தின மாலை தலைவரிடம் போய், பேசப்போகும் மூன்று பொருளையும் சொல்லி வாருங்கள். அப்போதுதான் கூட்டத்தில் அவர் பேசுவார். மூன்றுக்கு மேல் பொருள் வேண்டாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம். அதில் ஒரு பொருளாவது பிள்ளைகளின் வாசிப்பு, கணக்கு பற்றி இருக்கட்டும். கட்டடமும் கழிப்பறையும் மட்டுமே பேசுகிற குழு ஒப்பந்தக்காரர் கூட்டமாகிவிடும்.

தீர்மானத்தை எழுதிய பிறகு சத்தமாக வாசித்துக் காட்டி, அப்புறம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். வெற்றுத்தாளில் முன்கூட்டியே கையெழுத்து வாங்கும் பழக்கம் எங்காவது இருந்தால் அன்றே நிறுத்துங்கள். அது தெரிந்த நாளில் ஊர் பள்ளியை நம்புவதை விட்டுவிடும். தீர்மானத்தைத் துறையின் செயலியில் பதிவேற்றுவதும் வேண்டியதுதான், ஆனால் ஊர் பார்ப்பது பள்ளிச் சுவரில் ஒட்டிய தாளை.

தீர்மானம் எப்படி இருக்க வேண்டும்? "கழிப்பறை வசதி செய்து தர அரசைக் கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்பது யாரிடமும் போய்ச் சேராது. இப்படி எழுதுங்கள்:

"மாணவியர் கழிப்பறையின் இரண்டாவது கதவில் உள்தாழ்ப்பாள் இல்லை. இதனால் நான்கு, ஐந்தாம் வகுப்பு மாணவியர் மதியம்வரை கழிப்பறை போவதைத் தவிர்க்கின்றனர். பள்ளி மானியத்திலிருந்து தாழ்ப்பாளும் கீலும் வாங்கி, வரும் சனிக்கிழமைக்குள் பொருத்துவது. பொறுப்பு: குழுத் தலைவரும் தலைமையாசிரியரும். அடுத்த கூட்டத்தில் பில்லை வைப்பது."

என்ன குறை, யாருக்குப் பாதிப்பு, என்ன செலவு, எந்த நாளுக்குள், யார் பொறுப்பு என்ற ஐந்தும் அதில் இருக்கின்றன. அடுத்த கூட்டத்தின் முதல் பொருள் எப்போதும் "போன கூட்டத்தில் சொன்னது நடந்ததா?" என்பதுதான்.

பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுதுவது 22ஆம் பிரிவின்படி குழுவின் கடமை. நாற்காலியில் உட்கார்ந்து எழுதினால் போன வருடத் திட்டத்தின் நகல்தான் வரும். உறுப்பினர்கள் எல்லோரும் நாற்பது நிமிடம் பள்ளியைச் சுற்றி நடங்கள். குழாயைத் திறந்து பாருங்கள். கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுப் பாருங்கள். மழைநீர் எங்கே தேங்குகிறது, மின்கம்பி எங்கே தொங்குகிறது, சமையற்கூடப் புகை எந்த வகுப்புக்குள் வருகிறது என்று குறியுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை உயரத்துக்குக் குனிந்து பாருங்கள், கரும்பலகை தெரிகிறதா? பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் செய்ய வேண்டியது என்று எழுதுங்கள். தாழ்ப்பாளும் பல்பும் பள்ளி மானியத்தில். குடிநீர் இணைப்பும் வாசல் சாலையும் ஊராட்சி. வகுப்பறை ஓதம் ஒன்றிய அலுவலகம். ஆசிரியர் பணியிடம் வட்டாரக் கல்வி அலுவலர். எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதி ஒரே அலுவலகத்தில் கொடுத்தால், அது அலுவலகம் அலுவலகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும்.

மானியத்தை அளவறிந்து பேசுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட விதிப்படி 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு ரூ. 10,000, 100 வரை ரூ. 25,000, 250 வரை ரூ. 50,000. நம் 50 பிள்ளைப் பள்ளிக்கு இரண்டாவது வரிசை. அதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு. வரவையும் செலவையும் ஒரு தாளில் எழுதி, பில் எண்ணோடு வாசல் பலகையில் ஒட்டுங்கள். கேட்பதற்கு முன்பே கணக்குக் காட்டுகிற பள்ளியை யாரும் சந்தேகிப்பதில்லை.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாளில் கூடும். பள்ளிக்கான கோரிக்கையைக் குழுத் தலைவர் வாயால் அங்கே சொல்ல வைத்து, கிராம சபைத் தீர்மானமாகவே பதியச் சொல்லுங்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரு கோரிக்கை. அதன் நகலை வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

8. ஊரிடம் எதைக் கேட்பது

பணத்தைக் கடைசியாகக் கேளுங்கள், பெற்றோரிடம் கேட்கவே வேண்டாம். நேரமும் கைத்தொழிலும் முதலில். கொத்தனாரின் அரை நாள், எலக்ட்ரீஷியனின் ஒரு மணி நேரம், கல்லூரிக்குப் போகும் முன்னாள் மாணவியின் சனிக்கிழமை வாசிப்பு வட்டம், கதை தெரிந்த பாட்டியின் வெள்ளிக்கிழமைக் கடைசிப் பாடவேளை. பாட்டி கதை சொல்லும்போது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதை எழுதட்டும். பத்துக் கதை சேர்ந்தால் அது ஊரின் சொந்த வாசிப்புப் புத்தகம். "இது எங்க ஆயா சொன்னது" என்று வாசிக்கும் பிள்ளையின் குரலே வேறாக இருக்கும்.

ஊர் பள்ளிக்குக் கொடுப்பது தமிழ்நாட்டில் புதிதில்லை. 1950களின் பிற்பகுதியில், காமராசர் முதல்வராக இருந்தபோது, கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்கள் இடமும் பலகையும் நாற்காலியும் மணியும் கொடுத்தார்கள். இன்றும் பல ஊர்களில் தாம்பாளத்தில் பொருள் எடுத்து, மேளத்தோடு வந்து பள்ளிக்குக் "கல்விச் சீர்" செய்கிறார்கள். சீர் என்ற சொல்லிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது, பள்ளி அந்த வீட்டுப் பெண்ணாகிவிடுகிறது. ஆனால் என்ன வேண்டும் என்று முன்கூட்டியே பட்டியல் கொடுங்கள். கொடுக்காவிட்டால் ஏழு சுவர்க் கடிகாரமும் ஐம்பது நாற்காலியும் வந்து சேரும், தேவையான மின்விசிறி வராது. அளவையும் எழுதுங்கள்: "பாய் ஆறு, தண்ணீர் வடிகட்டி ஒன்று, ஒன்றாம் வகுப்புக்கான கதைப் புத்தகம் இருபது." வந்ததை இருப்புப் பதிவேட்டில் அன்றே ஏற்றி ரசீது கொடுங்கள். பெரிய தொகை தர விரும்பும் முன்னாள் மாணவர்களுக்கு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல், நம்ம ஊரு பள்ளி' என்ற அரசுத் திட்டம் இருக்கிறது.

பள்ளிக்கு உதவ வருபவர்களுக்குச் சில வரம்புகள். வகுப்பில் ஆசிரியர் கூடவே இருக்க வேண்டும், பிள்ளைகளோடு எவரையும் தனியே விடக்கூடாது. கட்சிக் கொடியோ சாதிப் பட்டமோ சுவரில் ஏறக்கூடாது. கொடையாளர் வரும்வரை பிள்ளைகளை வெயிலில் நிற்க வைக்கக்கூடாது.

9. ஊர் முன்னால் பேசக்கூடாதவை

பிள்ளைக்குக் கற்றலில் குறைபாடு இருக்குமோ என்று தோன்றினால், நோயின் பெயரை நீங்கள் சொல்லாதீர்கள். பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "ஆறு மாதமாகியும் ப, ம இரண்டையும் மாற்றி எழுதுகிறாள். பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறாள்." வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் பெற்றோரோடு நீங்களும் போங்கள்.

பாலியல் துன்புறுத்தல் நடந்திருக்கலாம் என்ற சந்தேகம் வந்தால், அது மேலாண்மைக் குழுவுக்கோ ஊர்ப் பெரியவர்களுக்கோ போகும் விஷயமே இல்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். 1098, மாநிலக் கல்வி உதவி எண் 14417 இரண்டும் பிள்ளைகள் கண்ணில் படும் உயரத்தில் சுவரில் இருக்கட்டும். பிள்ளையைத் திரும்பத் திரும்ப விசாரிக்காதீர்கள். சமரசம் பேச யார் வந்தாலும் உட்கார வைக்காதீர்கள்.

10. ஜனவரிச் சோதனையும் மாறுதலும்

பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும் ஜூன் நோட்டை எடுத்துப் பிள்ளை பிள்ளையாகப் புரட்டுங்கள். எத்தனை வீட்டுக்கு இரண்டாம் தடவை போனோம்? எத்தனை பெற்றோர் தாமாக வந்து எதையாவது கேட்டார்கள்? எத்தனை பக்கத்தில் ஆகஸ்டுக்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை? அந்த வெற்றுப் பக்கங்கள் எந்தத் தெருவைச் சேர்ந்தவை என்று எண்ணிப் பாருங்கள். எல்லாம் ஒரே தெருவாக இருந்தால், பெற்றோரைக் குறை சொல்வதை விட்டுவிட்டு அந்தத் தெருவுக்குப் போகும் நாளைக் குறியுங்கள்.

மாறுதல் கலந்தாய்வில் ஆணை கிடைத்துவிட்டால், நோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். பதிலுக்கு வருபவரோடு ஒரு மாலை தெருத்தெருவாக நடந்து, "இவங்கதான் புது டீச்சர்" என்று வீடு வீடாகச் சொல்லுங்கள். காலனியிலிருந்தே தொடங்குங்கள். அங்கே தரும் தண்ணீரை முதலில் நீங்கள் வாங்கிக் குடித்துவிட்டு, செம்பை அவர் கையில் கொடுங்கள்.